தகடு படியெடுக்கும் கருவிகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்குப் படியெடுப்பதில் என்ன பெரிய அறிவியல் இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் பெரியப்பா தெருக்கூத்தில் கர்ணன் வேடம் கட்டி ஆடியவர். 2012ஆம் ஆண்டு எங்கள் ஊர்த் திருவிழாவில் அவர் விடிய விடிய ஆடிய கூத்தை ஒருவர் படம் பிடித்து, நகரத்துக் கடையொன்றில் 50 டி.வி.டி.கள் போட்டு வந்தார். ஒவ்வொன்றின் மேலும் பெரியப்பாவின் படம் அச்சிட்ட பளபளப்பான ஸ்டிக்கர். அவர் மறைந்த பின் தேடிப் பார்த்தபோது கிடைத்தவை ஒன்பது தகடுகள். அவற்றில் எட்டு ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை? சி.டி.யும் டி.வி.டி.யும் 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. கனமும் கொண்டவை. தொழிற்சாலையில் அச்சு வார்க்கும் தகட்டில் செய்தி நுண்ணிய பள்ளங்களாகப் பதிகிறது. நாம் எழுதும் தகட்டிலோ ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் ஒளி பட்ட இடம் சூடேறி, ஒளியைத் திருப்பும் தன்மை மாறுகிறது. சி.டி.க்கு 780 நானோமீட்டர், டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் அலைநீள ஒளி. அலைநீளம் குறையக் குறையப் புள்ளியும் சிறிதாகும், ஆகவேதான் சி.டி.யில் 700 மெகாபைட் என்றால் டி.வி.டி.யில் 4.7 கிகாபைட் கொள்கிறது. புள்ளி சிறிதானால் பிழைக்கு இடமும் குறைவு. மேலே ஒட்டிய காகிதம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்; தகடு இம்மியளவு வளைந்தாலும் ஒளி குறி தவறும். ஸ்டிக்கர் ஒரு பக்கம் தள்ளி ஒட்டியிருந்தால் சுழலும்போது தகடு அதிரும். பெரியப்பாவின் படமே அவருடைய கூத்தை அழித்துவிட்டது என்பதை அறிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஆயிரத்துக்கு மேல் வேண்டுமென்றால் தொழிற்சாலை அச்சு வார்ப்புதான் கட்டுப்படியாகும். நம்மைப் போன்றோருக்குத் தேவை ஐம்பதோ நூறோ. அதற்கு ஏற்றது டவர் எனப்படும் படியெடுப்புக் கருவி. மேலே படிக்கும் டிரைவ் ஒன்று, கீழே எழுதும் டிரைவ்கள் பல, இவற்றை ஆளும் ஒரு சுற்றுப் பலகை, கணினி தேவையில்லை. டி.வி.டி.யை 1 மடங்கு வேகத்தில் எழுத ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 8 மடங்கில் எழுதிச் சரிபார்க்கவும் செய்தால் ஒரு சுற்றுக்குக் கால் மணி என்று வைத்துக்கொள்வோம். 7 டிரைவ் கொண்ட டவரில் நூறு தகடுகளை 15 சுற்றுகளில், நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். கணினியின் ஒற்றை டிரைவில் அதே வேலைக்கு 25 மணி நேரம். தானே தகடு மாற்றும் இயந்திரக் கை கொண்ட கருவிகளும் உண்டு. பக்கத்தில் ஆள் நிற்க முடியாத இடத்துக்கு அவை சரி; விடுதி மாணவர் நால்வர் இருக்கும் இடத்தில் அது வீண் செலவு.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 16 மடங்கு என்பது தகட்டின் வெளி விளிம்பில் மட்டுமே எட்டும் வேகம். கடைக்காரர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது சரிபார்ப்பைத்தான். வாங்கும் டவரில் மூலத்தோடு ஒப்பிடும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். யு.பி.எஸ். இல்லாமல் தொடங்கவும் கூடாது. பாதியில் மின்சாரம் போனால் ஏழு தகடுகளும் ஒரே நேரத்தில் குப்பை.

மேற்பரப்பில் அச்சிடுவதற்கு, வெள்ளைப் பூச்சுள்ள தகடும் அதைத் தாங்கும் தட்டு கொண்ட இங்க்ஜெட் பிரிண்டரும் போதும். படம் அழகாக விழும். ஆனால் சாதாரணப் பூச்சில் ஈரக் கை பட்டால் மை கரையும். அச்சிட்டவுடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் மை வரும் துளைகள் அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை விழா எடுக்கும் துறைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெப்பத்தால் ரிப்பனிலிருந்து மை மாற்றும் பிரிண்டரில் எழுத்து நீரில் அழியாது, விலைதான் கூடுதல். 2004ஆம் ஆண்டு வந்த லைட்ஸ்கிரைப் முறையில் லேசரே மேற்புறத்தில் படம் வரைந்தது. அதற்குத் தனித் தகடு வேண்டும், நேரமும் பிடிக்கும், அது வழக்கொழிந்துவிட்டது. கையால் எழுதுவோர் கூர்முனைப் பேனாவைத் தொடக் கூடாது. சி.டி.யின் செய்திப் படலம் மேற்புறத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சின் அடியிலேயே இருக்கிறது. டி.வி.டி.யில் அது இரண்டு 0.6 மி.மீ. தகடுகளின் நடுவில் இருப்பதால் சற்றுப் பத்திரம்.

எஞ்சிய அந்த ஒரு தகட்டின் ஸ்டிக்கரை நான் உரிக்கவில்லை. உரித்தால் மேலும் கெடும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன். டவரில் நேரே போடாமல், முதலில் கணினியின் வன்தட்டில் இறக்கினேன். இரண்டு இடங்களில் நின்று நின்று படித்தது. பிறகு டவர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கூத்துக் குழுவினர் வீடுகளுக்கென 14 தகடுகள், இரண்டு சுற்றில். பென்டிரைவில் கொடுத்திருக்கலாமே என்றார் அவர். அந்த வீடுகளில் இருப்பவை பழைய டி.வி.டி. பிளேயர்கள்; பென்டிரைவ் கையில் கிடைத்தால் பேரன்கள் சினிமாவை ஏற்றிவிடுவார்கள். ஒரு தகடு சரிபார்ப்பில் தேறவில்லை. அதை மட்டும் மறுபடி எழுதினோம்.

தகட்டைக் கையில் வாங்கிய பெரியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் ஒட்டலையாப்பா?" என்று கேட்டார்.