சுற்றுச்சூழலில் அரியர் வைத்த சப்ளையர்

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில டி-ஷர்ட் எடுக்கிறோம். விலை பார்ப்போம், துணியைத் தொட்டுப் பார்ப்போம், கலர் போகுமான்னு கேட்போம். அந்தக் கலர் ஏறின பிறகு சாயத் தண்ணி எங்க போச்சுன்னு மட்டும் கேட்க மாட்டோம். ஒரு கம்பெனி சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது இதே கேள்வியை விட்டால் என்ன ஆகும்? பதில் பக்கத்துத் திருப்பூரிலேயே இருக்கு.

முதலில் நாம் படிக்கிற முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு சப்ளையருக்கும் 10-க்கு மார்க் போட்டு, வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டுவோம். விலைக்கு 40%, தரத்துக்கு 30%, நேரத்துக்கு டெலிவரி தருவதற்கு 20%, சுற்றுச்சூழலுக்கு 10% என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சாயப்பட்டறைகள் போட்டியில் இருக்கின்றன.

'அ' பட்டறை: 9, 8, 9, 2. மொத்தம் 8.0.
'ஆ' பட்டறை: 7, 8, 8, 9. மொத்தம் 7.7.

சுற்றுச்சூழலில் 2 மார்க் வாங்கிய 'அ' ஜெயிக்குது! கணக்கில் தப்பு இல்லை. தப்பு முறையில் இருக்கு. மலிவான விலை, ஆற்றில் விடுகிற கழிவை ஈடுகட்டிவிடுகிறது.

இப்போ திருப்பூருக்கு வருவோம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற நிறைய உப்பு போடணும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தையும் அழுக்கையும் குறைக்கும்; கரைந்த உப்பை எடுக்காது. அந்தத் தண்ணீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணையில் தண்ணீர் இருந்தும் வயலுக்குப் பாய்ச்ச முடியாத நிலை. நிலமும் கிணறும் கெட்டுப்போன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை உறுதிசெய்தது. உத்தரவுகள் சரியாக நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அன்றைக்கு 'அ' பட்டறையின் டெலிவரி மார்க் என்ன? பூஜ்யம். மொத்தம் 8.0-இலிருந்து 6.2-க்கு இறங்கும். சுற்றுச்சூழலை 10% என்று ஓரமாக வைத்தோம். அதுவே 20% டெலிவரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

இதற்கு ஒரு வழி நமக்கே தெரியும். ஒரு பேப்பரில் அரியர் இருந்தால், மற்ற பேப்பரில் எத்தனை எடுத்தாலும் டிகிரி கிடையாது. சப்ளையருக்கும் அப்படித்தான்: சுற்றுச்சூழலில் முதலில் ஒரு பாஸ் மார்க், உதாரணத்துக்கு 6. அதைத் தாண்டியவர்களை மட்டும் வெயிட்டேஜ் கணக்குக்குள் விடணும். 'அ' வாசலிலேயே நின்றுவிடும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வெளிநாட்டு பையருக்கு நேரடி சப்ளையர் தைத்து அனுப்பும் எக்ஸ்போர்ட்டர். சாயம் போடுவது பெரும்பாலும் ஜாப் ஒர்க்காக வேறொரு பட்டறை. எக்ஸ்போர்ட்டரின் தையல் ஹாலை மட்டும் ஆடிட் செய்தால், அழுக்கு இருக்கும் இடத்துக்கே நாம் போகவில்லை என்று அர்த்தம்.

சரி, பெயில் ஆனவரைத் துரத்திவிட்டால் முடிந்ததா? இல்லைங்க. அவர் அதே கழிவோடு வேறு பையரைப் பிடிப்பார். ஆறு அப்படியேதான் இருக்கும். அதனால்தான் பாடத்தில் 'மதிப்பீடு' மட்டும் இல்லாமல் 'மேம்பாடு' என்றும் சேர்த்திருக்கிறார்கள். திருப்பூர் பட்டறைகள் மீண்டும் ஓட, கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத முறைக்கு மாற வேண்டியிருந்தது. உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ., மிஞ்சும் உப்புத் தண்ணீருக்கு எவாப்பரேட்டர். தண்ணீரும் உப்பும் திரும்பச் சாயத்தொட்டிக்கே வரும். ஆனால் எவாப்பரேட்டருக்கு நீராவி வேணும், அதுக்கு எரிபொருள் வேணும். கடைசியில் சேறும் மிஞ்சும். ஒரு கிலோ துணிக்கு ஆகும் செலவு ஏறும். பையர் பழைய ரேட்டையே பிடித்துக்கொண்டு 'சுத்தமா பண்ணு' என்றால், அது மேம்பாடு இல்லை, மிரட்டல். நீண்டகால ஆர்டர், செலவுக்கேற்ற ரேட், தொழில்நுட்ப உதவி மூன்றும் சேர்ந்தால்தான் சின்னப் பட்டறையால் மாற முடியும்.

அடுத்த ஐ.வி. போகும்போது கேட்க நாலு கேள்வி:

1. ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? அதில் எவ்வளவு திரும்ப வருகிறது?
2. உப்பும் சேறும் எங்கே போகின்றன?
3. பாய்லரில் என்ன எரிகிறது?
4. ஜாப் ஒர்க் யாருக்குக் கொடுக்கிறீர்கள்? அவர்களிடம் இதே மூன்றையும் கேட்டீர்களா?

திருப்பூர் வரைக்கும் போகணும்னு இல்லை. சேர்வராயன் மலையில் பிறந்து நம்ம ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு, சாயக்கழிவையும் சாக்கடையையும் சுமந்துகொண்டுதான் நாமக்கல் பக்கம் போகிறது. நாளைக்கு நம்மில் யாரோ ஒருத்தர் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் உட்கார்ந்து அந்த மார்க்கைப் போடப் போகிறோம். அப்போ சராசரி பார்ப்பதற்கு முன்னாடி அரியர் இருக்கான்னு பாருங்க.