நியூட்டன் படித்த பள்ளிக்கூடம்



"மார்க் கம்மி, அதான் பாலிடெக்னிக்" என்று சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்காதவர் நம்மில் யார்? ஒரே பரீட்சையில் ஒரு ஆளை அளந்துவிட முடியுமா? இதற்கு நான் படித்தறிந்த ஒரு பள்ளியின் கதையைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கிரான்தம் என்று ஒரு சந்தை ஊர். அங்குள்ள 'கிங்ஸ் ஸ்கூல்', ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற பிஷப்பால் 1528-இல் புத்துயிர் பெற்றது. 1655-இல், 12 வயதில், ஐசக் நியூட்டன் இங்கே சேர்ந்தார். சொந்த ஊர் சுமார் 7 மைல் தள்ளி. அதனால் ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் தங்கிப் படித்தார்.

வந்த புதிதில் படிப்பில் ரொம்பப் பின்தங்கித்தான் இருந்தாராம்! ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கைக்காசில் ரம்பம், சுத்தியல் எல்லாம் வாங்கினார். ஊருக்கு அருகே கட்டிய காற்றாலையைப் பார்த்து, அதே மாதிரி சின்னதாக ஒன்று செய்தார். தண்ணீர்க் கடிகாரமும் சூரியக் கடிகாரமும் செய்தார்.

நடுவில் அம்மா அவரைப் பண்ணை வேலைக்கு அழைத்துக்கொண்டார். அப்போது தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ் விடவில்லை. வெளியூர்ப் பையன்கள் கட்டவேண்டிய 40 ஷில்லிங்கையும் வேண்டாம் என்றார். தாய்மாமாவும் சேர்ந்து பேசினார். பையன் திரும்பி வந்தான்; 1661-இல் கேம்பிரிட்ஜ் போனான். 1668-இல் கண்ணாடி வைத்த தொலைநோக்கியைத் தன் கையாலேயே செய்தார். அதற்கான உலோகத்தை வார்த்ததும் தேய்த்ததும் அவரே! 'பிரின்சிபியா' 1687-இல் வந்தது. கையும் மூளையும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே அரசுப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. நல்ல காரியம்தான். ஆனால் 11 வயதில் ஒரு தேர்வு வைத்து, ஜெயித்தவர்களைக் கிராமர் ஸ்கூலுக்கும், மற்றவர்களில் பெரும்பாலோரைச் சாதாரணப் பள்ளிக்கும் அனுப்பினார்கள். தொழில்நுட்பப் பள்ளி என்று மூன்றாவது வகையும் திட்டத்தில் இருந்தது. கட்டியதோ மிகக் கொஞ்சம். 1965 முதல் நாட்டின் பெரும்பகுதி இந்தப் பிரிவினையைக் கைவிட்டது. லிங்கன்ஷயரில் இன்றும் இருக்கிறது. கிங்ஸ் ஸ்கூலில் இடம் வேண்டுமானால் இன்றும் அந்த வயதில் தேர்வு எழுதித்தான் ஆகணும்.

12 வயதில் பின்தங்கியிருந்த அந்தப் பையனை அன்றே அளந்து ஓரங்கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்! அவருக்குக் கிடைத்தது இரண்டு: கை பழக ஒரு சுத்தியல், கதவை மூடவிடாத ஒரு வாத்தியார்.

நண்பர்களே, சுத்தியல் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கிறது. நாளை சூப்பர்வைசராகவோ ஆசிரியராகவோ நாம் போய் உட்காரும்போது, பின்தங்கி நிற்கும் ஒரு பையனுக்குக் கதவைத் திறந்து வைப்பது நம் பொறுப்பு. மார்க் ஷீட் என்பது ஒரு நாளின் அளவு. ஆளின் அளவு அல்ல!