ஊதா நிறமும் உடற்கொழுப்பும்

செட்டிநாட்டு விருந்துகளில் கவுனி அரிசிக்குத் தனி இடம் உண்டு. முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துப் பரிமாறுவார்கள். வணிகத்துக்காகப் பர்மா சென்றவர்கள் கொண்டுவந்த அரிசி இது என்பது காரைக்குடிப் பக்கத்துப் பேச்சு.

அடுத்த முறை வீட்டில் கவுனி அரிசி ஊறினால், அந்த நீரைக் கொட்டிவிடாமல் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் எடுத்து வையுங்கள். ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். ஒன்றில் நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீர் பளிச்சென்று சிவக்கும். மற்றொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நீலமும் பச்சையும் கலந்த நிறம் தோன்றும். அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டும் இந்தப் பொருளுக்கு ஆந்தோசயனின் என்று பெயர். நாவற்பழம் தின்றவன் நாக்கைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் குடும்பத்து நிறமிகள்தாம்.

ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் விளையும் பிளாக்கரண்ட் என்னும் சிறு பழத்தில் இது ஏராளமாக இருக்கிறது. (நம் மளிகைக் கடையில் கிடைக்கும் கறுப்பு உலர்திராட்சை வேறு. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.) இப்பழத்தின் சாரத்தைப் பொடியாக்கி, மாத்திரைக் கூடுகளில் அடைத்து விற்கிறார்கள். உடற்பயிற்சியின்போது இது கொழுப்பை எரிக்கும் என்கிறார்கள். பெண்களைக் குறிவைத்தும் விளம்பரங்கள் வருகின்றன. இதில் எவ்வளவு உண்மை?

முதலில், உடலில் கொழுப்பு எரிவது என்றால் என்ன என்று பார்ப்போம். அடுப்பில் விறகு எரிவதும் தசையில் கொழுப்பு எரிவதும் அடிப்படையில் ஒன்றே. இரண்டிலும் எரிபொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. உடலில் இது சுடரில்லாமல், படிப்படியாக, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. தசைக்கு முக்கியமான எரிபொருள்கள் இரண்டு. ஒன்று கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து. இதன் கையிருப்பு சில நூறு கிராம்தான். மற்றொன்று கொழுப்பு, மெலிந்தவரிடம்கூட இது கிலோக்கணக்கில் இருக்கும்.

தசை எதை எரிக்கிறது என்பதை உடலை அறுத்துப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம். மூச்சே சொல்லிவிடும்! ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு எரிய 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. 6 கரியமில வாயு மூலக்கூறுகள் வெளிவருகின்றன. 6ஐ 6ஆல் வகுத்தால் 1. பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் பாருங்கள். அதில் 16 கார்பன் அணுக்கள். அது எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். வெளிவருவது 16 கரியமில வாயு மூலக்கூறுகள். 16ஐ 23ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.7. இந்த விகிதத்துக்குச் சுவாச ஈவு என்று பெயர். முகமூடி அணிவித்து, உள்ளே போன ஆக்சிஜனையும் வெளியே வந்த கரியமில வாயுவையும் அளந்தால் போதும். ஈவு 1க்கு அருகில் இருந்தால் பெரும்பாலும் மாவுச்சத்து எரிகிறது, 0.7ஐ நோக்கி இறங்கினால் கொழுப்பின் பங்கு கூடுகிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. கொழுப்பு ஆக்சிஜனை அதிகம் கேட்கும் எரிபொருள். ஒரே அளவு ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் கொழுப்பிலிருந்து கிடைப்பதைவிடச் சற்றுக் கூடுதல். அதனால் கடும் வேகத்தில் நெடுநேரம் ஓடுபவர் மாவுச்சத்தையே அதிகம் நம்புகிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பல நாள் நடக்கிறார்களே, அந்தப் பாதயாத்திரைக்காரர்களின் கால்களுக்கு ஆற்றல் தருவதில் கொழுப்புக்கே பெரும் பங்கு. நிதானமான நீண்ட நடை கொழுப்பின் வேலை.

ஆணும் பெண்ணும் தத்தம் திறனுக்கேற்ற ஒரே அளவு கடுமையில் நெடுநேரம் ஓடினால், பெண்ணின் உடலே கொழுப்பிலிருந்து கூடுதல் பங்கு ஆற்றலைப் பெறுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு. ஆனாலும் உடற்பயிற்சி ஆராய்ச்சிகளில் நெடுங்காலம் ஆண்களையே சோதித்து வந்தார்கள். மாதச் சுழற்சியில் ஹார்மோன் அளவு மாறுவதால் கணக்குச் சிக்கலாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சிக்கல் என்பதற்காக மக்களில் பாதிப்பேரை விட்டுவிடுவது எந்த ஊர் அறிவியலோ! பிளாக்கரண்ட் ஆய்விலும் அப்படித்தான். 2015இல் ஆண் சைக்கிள் வீரர்களின் முடிவு வெளிவந்தது. பெண்களின் முறை 2018இல்தான் வந்தது.

அந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது. நன்கு பயிற்சி பெற்ற 16 பெண்கள் 7 நாட்களுக்கு, தினம் 600 மில்லிகிராம் பிளாக்கரண்ட் சாரம் உட்கொண்டார்கள். பின்னர் 2 மணி நேரம் நடுத்தர வேகத்தில் நிலைச் சைக்கிள் மிதித்தார்கள். இதே பெண்கள் வேறொரு முறை, சாரமில்லாத போலி மாத்திரையை உட்கொண்டும் மிதித்தார்கள். மாத்திரை உண்டோம் என்ற எண்ணமே சிலரை உற்சாகப்படுத்தும் அல்லவா? அந்த விளைவைக் கழிக்கவே இந்த ஏற்பாடு. சாரம் உண்டபோது கொழுப்பு எரிந்த அளவு சராசரியாக 27 விழுக்காடு கூடியது.

27 விழுக்காடு என்றவுடன் வாய் பிளக்க வேண்டாம். எதில் 27 என்று கேளுங்கள். ஒருவர் நிமிடத்துக்கு 0.3 கிராம் கொழுப்பு எரிப்பதாக வைத்துக்கொள்வோம். 2 மணி நேரத்தில் 36 கிராம். இதில் 27 விழுக்காடு ஏறத்தாழ 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெய். வெள்ளைப் பணியாரத்தில் இரண்டு கூடுதலாக உண்டால் கணக்கு நேராகிவிடக்கூடும்.

அதைவிட முக்கியமான ஒன்று. சைக்கிள் மிதிக்கத் தேவையான மொத்த ஆற்றல் மாறவில்லை. கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிந்தது என்றால் மாவுச்சத்து அந்த அளவுக்குக் குறைவாக எரிந்தது என்று பொருள். இதனால் பயன் பெறக்கூடியவர் நெடுந்தூர ஓட்டக்காரர். அவருடைய கிளைகோஜன் கையிருப்பு சற்று நீடிக்கும். உடல் இளைப்பது வேறு கணக்கு. நாள் முழுவதும் உண்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வேறுபாடுதான் அதைத் தீர்மானிக்கிறது. இளைக்க வைக்கும் என்று 16 பேரின் 7 நாள் ஆய்வு சொல்லவில்லை; விளம்பரம்தான் சொல்கிறது. சோதிக்கப்பட்டவர்கள் வளரும் பருவத்து மாணவிகளும் அல்லர். கவுனி அரிசியிலும் நாவற்பழத்திலும் உள்ளவை உறவுக்கார நிறமிகளே தவிர, பிளாக்கரண்டில் உள்ளவையேயல்ல. ஆகவே அந்த 27ஐ இவற்றின் தலையில் கட்டுவதும் தவறு. சுவைக்காகவே உண்ணலாம்!

கொழுப்பு ஆக்சிஜனை அதிகம் கேட்கிறது என்றோமே, அந்த ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து செல்வது யார்? இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 13 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணுக்கு அதில் 17 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்சிஜன் ஏறும். 9 கிராம் மட்டுமே உள்ளவருக்கு 12தான். அவர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது.

ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேண்டும். பள்ளிகளில் வாரந்தோறும் தரும் நீல நிற மாத்திரையில் இருப்பது அதுவும் ஃபோலிக் அமிலமும்தான். நீலம் வெறும் மேற்பூச்சு. வயிற்றைப் புரட்டுகிறது என்று சிலர் அதைச் சுவருக்கு வெளியே எறிகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்காமல் மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும். உடனே தேநீர் குடிக்காதீர்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். அரை நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு ஏறத் துணைசெய்யும்.