பணம் வந்துவிட்டது என்று திரை சொன்னாலும்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை இணையத்தில் விற்கப் போகிறாய், பேமெண்ட் கேட்வேக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அமெரிக்கா, கனடா கார்டுகளையும் வாங்கிக்கொள்ளும் வசதி கேட்டிருக்கிறாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வங்கியின் கார்டுப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அறிந்த ஒன்று உண்டு. புதிதாக இணையக் கடை திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘அப்ரூவ்டு’ என்று திரையில் வந்ததும் பணம் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துச் சரக்கை அனுப்பிவிடுகிறார்கள்.

வாடிக்கையாளர் போடும் கார்டு எண் கேட்வே வழியாகக் கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று ஏதாவது ஒரு வலையமைப்பைத் தாண்டி, கார்டு கொடுத்த வங்கியை எட்டுகிறது. சில விநாடிகளில் பதில் வந்துவிடும். அந்தப் பதில் சொல்வது இவ்வளவுதான்: இப்படி ஒரு கார்டு இருக்கிறது, அது முடக்கப்படவில்லை, இந்தத் தொகைக்கு அதில் இடம் இருக்கிறது. எண்ணைத் தட்டியவர் கார்டின் சொந்தக்காரரா என்பது அதில் இல்லை. கார்டு எண் சரி என்று படிவம் பச்சை நிறத்தில் காட்டுவதற்கு மதிப்பு இன்னும் குறைவு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-ல் காப்புரிமை பெற்ற ஒரு கணக்கு அது. எண்ணைத் தப்பாகத் தட்டினால் காட்டிக்கொடுக்கும், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

சில நாட்களில் தொகை கடைக்காரரின் கணக்கில் ஏறும். சில வாரங்கள் கழித்து கார்டின் உண்மையான சொந்தக்காரர் தன் பில்லைப் பார்த்து, ‘நான் வாங்கவே இல்லை’ என்று வங்கியிடம் சொல்வார். அப்போது தொடங்குவதுதான் சார்ஜ்பேக். திருடப்பட்ட கிரெடிட் கார்டுக்காக அமெரிக்கக் கார்டுதாரர் 50 டாலருக்கு மேல் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது அந்த நாட்டில் அரை நூற்றாண்டாக இருக்கும் சட்டம்; பெரும்பாலான வங்கிகள் அந்த 50 டாலரையும் கேட்பதில்லை. விசாவின் விதிப்படி இத்தகைய புகாருக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. வாங்கியவருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் திரும்பக் கொடுக்கும் பணம் கடைக்காரரின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. சரக்கு போயிருக்கும், பணமும் போகும், சார்ஜ்பேக்குக்கென்று தனிக் கட்டணமும் பிடிப்பார்கள்.

நேரில் வந்து சிப் கார்டைச் செருகி வாங்கும் கடையில், கார்டு போலியாக இருந்தால் நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியைச் சேரும். கார்டைக் கண்ணால் பார்க்காமல் விற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது திருடர்களுக்கும் தெரியும். பிரிட்டனில் 2006-ல் சிப்பும் பின் எண்ணும் கட்டாயமானபோதும், அமெரிக்காவில் 2015 அக்டோபரில் சிப் கருவி இல்லாத கடைகளின் மேல் பொறுப்பு மாறியபோதும், போலிக் கார்டு மோசடி கடைவீதியில் குறைந்தது, இணையத்தில் ஏறியது.

இந்தியாவில் நிலைமை வேறு. 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் கார்டைப் பயன்படுத்துபவர் இரண்டாவது அடையாளம் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. இன்று நாம் போடும் ஓடிபி அப்படி வந்ததுதான். அதன் பின்னால் இருப்பது விசா முதலில் கொண்டுவந்த த்ரீ-டி செக்யூர் என்ற முறை. இதில் கார்டு கொடுத்த வங்கியே தன் வாடிக்கையாளரைச் சரிபார்க்கிறது. அதனால் பிறகு ‘நான் வாங்கவில்லை’ என்ற புகார் வந்தாலும் பொறுப்பு பொதுவாக அந்த வங்கிக்குப் போய்விடுகிறது. நாமக்கல்லிலிருந்தோ நாசிக்கிலிருந்தோ வரும் கார்டு ஆர்டருக்கு இந்தக் காவல் உண்டு.

நியூ ஜெர்சியிலிருந்து வரும் ஆர்டருக்கு அது தானாக வராது. ஐரோப்பிய நாடுகள் இத்தகைய சரிபார்ப்பைச் சட்டமாக்கிவிட்டன. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம் (சிவிவி) இருந்தால் பெரும்பாலும் பணம் நகர்ந்துவிடும். ஆகவே வெளிநாட்டுக் கார்டுகளுக்கும் த்ரீ-டி செக்யூர் கேட்கும்படி கேட்வேயில் அமைக்கச் சொல். இதன் புதிய வடிவத்தில் வாங்குபவரின் கருவி, முகவரி போன்ற விவரங்கள் வங்கிக்குப் போகின்றன. சந்தேகம் இல்லாவிட்டால் ஓடிபி கேட்காமலே வங்கி ஒப்புதல் தரும், பொறுப்பு அப்போதும் வங்கியுடையதே. இப்படிச் சரிபார்ப்பு கேட்பதால் சில நல்ல வாடிக்கையாளர்களும் பாதியில் விலகிப் போகலாம். புதுக் கடைக்கு அந்த இழப்பு பரவாயில்லை என்பதே பெரியப்பாவின் கருத்து. ஒரு ஜோடி கனத்த கொலுசு திருட்டுப் போனால், அதை ஈடுகட்ட எத்தனை ஜோடி விற்க வேண்டியிருக்கும் என்று உன் லாபத்தை வைத்து நீயே கணக்குப் பார்.

நீ விற்பது வெள்ளி என்பதை மறந்துவிடாதே. உருக்கினால் அடையாளம் போய்விடும், எந்த ஊரிலும் காசாகும். செல்போன், தங்கக் காசு, கிஃப்ட் கார்டு போல மோசடிக்காரர் தேடி வரும் சரக்கு அது. அதனால் ஒவ்வொரு பெரிய ஆர்டரையும் ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? கொலுசு வாங்குபவர் அளவு கேட்பார், சலங்கை வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பார், திருகு எப்படி இருக்கும் என்று படம் கேட்பார். புதிதாக வந்த ஒருவர் இதில் எதையும் கேட்காமல், இருப்பதிலேயே கனமான டிசைனில் பத்து ஜோடி போட்டு, கூரியர் செலவு எவ்வளவானாலும் சரி, நாளைக்கே அனுப்புங்கள் என்றால் நிறுத்து. கார்டின் முதல் இலக்கங்கள் (முன்பு ஆறு, 2022 முதல் எட்டு) எந்த நாட்டு எந்த வங்கி என்பதைக் காட்டிவிடும். அந்த நாடு ஒன்றாகவும், ஆர்டர் வந்த இணைய இணைப்பின் நாடு வேறாகவும், சரக்கு போகும் நாடு இன்னொன்றாகவும் இருந்தால் அதுவும் அடையாளம். நான்கைந்து கார்டு தோற்று ஆறாவது கார்டு ஏறியது, பணம் கட்டிய பிறகு முகவரியை மாற்றச் சொல்லி வாட்ஸ்அப் வந்தது, இவையும் அப்படித்தான்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஆளைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. டொராண்டோவில் இருக்கும் பெண் ஆத்தூரில் இருக்கும் அம்மாவுக்குக் கொலுசு அனுப்பினால் பில் முகவரி ஒன்று, டெலிவரி முகவரி ஒன்று என்றுதான் இருக்கும். நம் ஆட்களின் வாங்கும் பழக்கம் அது. மென்பொருள் இதைச் சிவப்பாகக் காட்டலாம். நீ போன் போட்டுப் பேசினால் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கார்டுகளுக்கு முகவரிச் சரிபார்ப்பு என்று ஒரு வசதி உண்டு. கொடுத்த பில் முகவரியின் எண்களும் அஞ்சல் குறியீடும் வங்கியிடம் இருப்பவற்றோடு பொருந்துகின்றனவா என்று பதில் வரும். அதைக் கேட்வேயில் கேட்டு வாங்கிக்கொள். சந்தேகம் தீராத ஆர்டரை ஒரு நாள் தாமதப்படுத்து. அப்படியும் தீரவில்லை என்றால், புகார் வருமுன் நீயே பணத்தைத் திருப்பிவிடு. அதற்குச் சார்ஜ்பேக் கட்டணமும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை.

இன்னொரு பழைய வித்தை இருக்கிறது. பெரிய ஆர்டர் போட்டவர், ‘என் சரக்கு ஏஜென்ட் கார்டு வாங்குவதில்லை, அவருக்குச் சேரவேண்டியதையும் என் கார்டிலேயே சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்’ என்பார். கார்டு திருட்டுக் கார்டு, ஏஜென்ட் அவருடைய கூட்டாளி. இதில் கொலுசு ஒரு சாக்குதான், அவர்களுக்கு வேண்டியது அந்த வங்கிப் பரிமாற்றம். எந்தக் கார்டிலிருந்து பணம் வந்ததோ அந்தக் கார்டுக்கே ரீஃபண்ட் போகட்டும். பேமெண்ட் நிறுவனங்களுக்கு 2020-ல் ரிசர்வ் வங்கி தந்த நெறிமுறையும் பணத்தை வந்த வழியிலேயே திருப்பச் சொல்கிறது.

கொலுசுத் திருகை ஐம்பது ரூபாய்க்கு வெப்சைட்டில் போடப் போவதாகவும் கேள்விப்பட்டேன். நல்ல யோசனைதான், ஆனால் மலிவான பொருள் இருக்கும் கடையைக் கார்டு சோதனைக்காரர்கள் விரும்புவார்கள். திருடிய எண்களின் பெரிய பட்டியலில் எவை உயிரோடு இருக்கின்றன என்று பார்க்க, ஒரு நிரல் இரவெல்லாம் உன் கடையில் திருகு வாங்க முயன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் உனக்குக் கட்டணம் விழலாம். உன் கடையிலிருந்து வரும் எல்லாவற்றையும் வங்கிகள் சந்தேகிக்கத் தொடங்கும். இத்தகைய நிரல்களைத் தடுக்க ஒரு வழி உண்டு. பேபால் நிறுவனம் தன் தொடக்க காலத்தில் மோசடியால் பெரும் பணத்தை இழந்துகொண்டிருந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மேக்ஸ் லெவ்சினும் பொறியாளர் டேவிட் காஸ்பெக்கும், மனிதரால் படிக்க முடிந்து நிரலால் படிக்க முடியாத கோணல் எழுத்துகளைத் தட்டச் சொல்லும் சோதனையை வைத்தார்கள். இன்று கேப்சா என்று எங்கும் பார்க்கிறோமே, அதை வணிகத்தில் முதலில் பயன்படுத்தியவர்களில் அவர்களும் உண்டு. உன் பேமெண்ட் பக்கத்திலும் அது இருக்கட்டும். ஒரே இணைப்பிலிருந்து இத்தனை முறைக்கு மேல் முயலக்கூடாது என்ற வரம்பும் இருக்கட்டும்.

வெப்சைட் செய்து தரும் தம்பியிடம் இரண்டு காரியம் கண்டிப்பாகச் சொல். முதலாவது, பணம் கட்டியாயிற்று என்று வாடிக்கையாளரின் பிரவுசர் சொல்வதை நம்பி ஆர்டரை உறுதி செய்யக் கூடாது. கேட்வே அனுப்பும் கையொப்பத்தை உங்கள் சர்வரில் சரிபார்க்க வேண்டும், தொகையையும் ஒப்பிட வேண்டும். 2022-ல் ரேசர்பே நிறுவனம் பெங்களூரு காவல்துறையிடம் ஒரு புகார் கொடுத்தது. தோற்றுப்போன 831 பரிவர்த்தனைகளை ஒப்புதல் பெற்றவைபோலத் திரித்து, சுமார் 7.38 கோடி ரூபாயை யாரோ சுருட்டிவிட்டார்கள். பழைய இணைப்பு முறையை வைத்திருந்த சில வணிகர்களின் தளங்களில் சரிபார்ப்பில் இருந்த ஓட்டையே காரணம் என்று அந்த நிறுவனம் விளக்கியது.

இரண்டாவது, கார்டு விவரம் உங்கள் சர்வரைத் தொடவே கூடாது. கேட்வேயின் சொந்தப் பக்கத்திலேயே வாடிக்கையாளர் எண்ணைத் தட்டட்டும். பெரிய நிறுவனங்கள் இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் உள்ளே வந்தது, குளிர்பதன வேலை பார்த்த ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லை வைத்து. 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் யாரோ 22 வரி நிரலைச் சொருகினார்கள். பயணிகள் தட்டிய கார்டு எண்ணும் சிவிவியும் அப்படியே இன்னொரு முகவரிக்கும் போய்க்கொண்டிருந்தன. நான்கு லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 2020-ல் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. உன் கடையில் சாட் பெட்டி, விளம்பரக் கணக்கு என்று கண்ட நிரல்களையும் பேமெண்ட் பக்கத்தில் ஓடவிடாதே என்று சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் வலையமைப்பும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்றுக் குறியீடுதான். சிவிவியை ஒப்புதலுக்குப் பிறகு எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்பது உலகெங்கும் கார்டுத் துறையின் விதி. அதனால் வயதான வாடிக்கையாளர் யாராவது கார்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘நீயே போட்டுக்கொள்ளம்மா’ என்றால், அன்பாக மறுத்துப் படத்தை அழித்துவிட்டு, பேமெண்ட் லிங்க் அனுப்பு.

உண்மையான வாடிக்கையாளரும் சில சமயம் புகார் கொடுப்பார். பெரும்பாலும் பில்லில் வந்த பெயர் அவருக்குப் புரிந்திருக்காது. நீ பதிவு செய்த நிறுவனப் பெயர் ஒன்று, கடைப் பெயர் ஒன்று என்றால் கார்டு பில்லில் கடைப் பெயரே வரும்படி கேட்வேயிடம் கேள். பில், டெலிவரி கையொப்பம், கூரியர் எண், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஆர்டர் வாரியாக வைத்திரு. 2023 ஏப்ரல் முதல் விசாவில் ஒரு நல்ல விதி வந்திருக்கிறது. ‘நான் வாங்கவில்லை’ என்பவர், அதே கார்டில் 120 நாளுக்கு முன்பு புகார் இல்லாமல் இரண்டு முறை வாங்கியிருந்து, இணைய முகவரியோ கருவியோ உள்பட இரண்டு விவரங்கள் பொருந்தினால், கடைக்காரரின் பக்கம் தீர்ப்பாகும். ஓராண்டுக்கு ஆர்டர் விவரத்தை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு மட்டுமே இது பயன்படும்.

உள்நாட்டு ஓடிபியும் முழுக் காவல் என்று எண்ணிவிடாதே. யாரையாவது ஏமாற்றி ஓடிபி வாங்கி, அந்தப் பணத்தில் உன்னிடம் கொலுசு வாங்குபவரும் வருவார். ஏமாந்தவர் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தால் பணம் போன வழியைக் காவல்துறை தேடும், உன் கணக்கிலும் அந்தத் தொகை நிறுத்தி வைக்கப்படலாம். அப்போதும் உன்னைக் காப்பது அந்தப் பில்லும் டெலிவரிச் சான்றும்தான்.

புகார்கள் பெருகினால் அபராதம், பிறகு கேட்வே துண்டிப்பு. துண்டிக்கப்பட்ட வணிகரின் பெயர் மாஸ்டர்கார்டு நடத்தும் ஒரு பட்டியலில் ஏறினால் ஐந்து ஆண்டு அங்கேயே இருக்கும். வேறு வங்கிக்குப் போனாலும் அங்கே முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

ஆகவே மகளே, கேட்வேக்காரர்களிடம் எழுத்தில் பதில் வாங்கு. வெளிநாட்டுக் கார்டுக்கு த்ரீ-டி செக்யூர் கட்டாயமாக்க முடியுமா, முகவரிச் சரிபார்ப்பு உண்டா, ஒரு சார்ஜ்பேக்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், பதில் கொடுக்க எத்தனை நாள் தருவார்கள். இவை தெரியும்வரை வெளிநாட்டுக் கார்டு வசதியைத் திறக்காதே. உள்ளூர் ஆர்டர்களோடு தொடங்கு.

அன்புடன்,
பெரியப்பா