இரட்டையாகத் தெரிவதெல்லாம் டபுள் டை அல்ல

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது ஒரு டப்பா நிறைய அமெரிக்க சென்ட் காசுகளைக் கொடுத்தார். அதில் 1969ஆம் ஆண்டுக் காசு ஒன்றில் ஆண்டு இரட்டையாகத் தெரிகிறது. அதன் கீழே உள்ள ‘எஸ்’ எழுத்தும் அப்படியே இரட்டையாக இருக்கிறது. இந்த ஆண்டின் டபுள் டை காசு பல லட்சம் ரூபாய்க்குப் போகிறது என்று யூடியூபில் பார்த்தேன். என்னிடம் இருப்பது அதுதானா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. காசை நேரில் பார்க்காமலேயே இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த ‘எஸ்’தான்.

அது சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையின் அடையாள எழுத்து. காசை அடிக்கும் அச்சை, அதாவது டையை, அன்று எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். உருவமும் எழுத்தும் புடைத்து நிற்கும் ஹப் என்ற எஃகுத் துண்டை, டை ஆகப்போகும் இன்னொரு எஃகின் மேல் பெரும் அழுத்தத்தில் பதிப்பார்கள். ஒரே அழுத்தில் பதிவு முழுமையாகாது. டையைச் சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் டையிலேயே எல்லாம் இரண்டாகப் பதிந்துவிடும். அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசும் அதே இரட்டையைச் சுமந்து வரும். உண்மையான டபுள் டை இதுதான்.

‘எஸ்’ எழுத்தோ ஹப்பில் கிடையாது. டை தயாரான பிறகு தனியாகக் கையால் அடித்துப் பதித்தது. அதனால் உண்மையான 1969 எஸ் டபுள் டையில் ஆண்டும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், மேலே உள்ள வாசகமும் பளிச்சென்று இரண்டாகத் தெரியும். ‘எஸ்’ மட்டும் ஒற்றையாக நிற்கும். உங்கள் காசில் அதுவும் இரட்டையாகியிருப்பதால், கோளாறு டை செய்தபோது நேரவில்லை, காசு அடிபட்டபோது நேர்ந்திருக்கிறது. இறுக்கமாகப் பூட்டப்படாத டை, அடித்துவிட்டு விலகும் நொடியில் ஆடி, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் பக்கவாட்டை உரசித் தள்ளிவிடும். சேகரிப்பாளர்கள் இதை மெஷின் டபுளிங் என்பார்கள். 1969 எஸ் காசுகளில் இது நிறையவே கிடைக்கும். தனி மதிப்பு எதுவும் இல்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கி, விளக்கொளி சாய்வாக விழும்படி காசை மெல்லத் திருப்பிப் பாருங்கள். மெஷின் டபுளிங்கில் எழுத்தை ஒட்டி, படிக்கட்டின் படி போலத் தாழ்ந்து தட்டையான ஒரு விளிம்பு மினுங்கும். அந்த விளிம்பு எழுத்தின் உடம்பிலிருந்தே வெட்டுப்பட்டது; ஆகவே எழுத்து மெலிந்திருக்கும். டபுள் டையில் இரண்டாவது உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு எழும்பி நிற்கும், எழுத்து தடித்திருக்கும், முனைகளில் பிளவு தெரியும். என் அனுபவத்தில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இந்த மெலிவு, தடிப்புச் சோதனைதான் கைகொடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த அடையாள எழுத்துச் சோதனை 1989 வரை புழக்கத்துக்காக அடித்த சென்ட் காசுகளுக்குத்தான் செல்லும். 1990 முதல் அவற்றில் அடையாள எழுத்தும் மூல டையிலேயே சேர்ந்துவிட்டது.

கேள்வி: நாணயக் கண்காட்சியில் 1955 சென்ட் ஒன்றை ‘டபுள் டை’ என்று சொல்லி நல்ல விலைக்குக் கொடுத்தார்கள். கடைசி 5 மட்டும்தான் லேசாக இரண்டாகத் தெரிகிறது. சரியான காசுதானா?
- வாசகர், சென்னை

பதில்: விற்றவர் தெரிந்தே சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அது டபுள் டை அல்ல. ஆயிரமாயிரம் காசுகளை அடித்துத் தேய்ந்துபோன டையில் எழுத்தின் ஓரங்கள் ஊதிக் கலங்கும். அதன் விளைவுதான் அந்த இரட்டை ஐந்து. அமெரிக்கச் சேகரிப்பாளர்களே இதற்கு ‘ஏழையின் டபுள் டை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சில டாலருக்கு மேல் பெறாது.

அசல் 1955 டபுள் டையைப் பார்க்க லூப்பே வேண்டாம். ஆண்டின் நான்கு எண்களும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். பிலடெல்பியா நாணயச் சாலையில் பிழையைக் கண்டுபிடித்தபோது அந்தக் காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டிருந்தன. 20,000க்கும் மேற்பட்டவை வெளியே போயின என்பது மதிப்பீடு. அப்போது தானியங்கி இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் சிகரெட் பாக்கெட் வரும். மீதி இரண்டு காசை உறைக்குள்ளேயே செருகியிருப்பார்கள். பல காசுகள் அப்படித்தான் முதலில் மக்கள் கைக்கு வந்தன. புகழ்பெற்ற காசு என்பதால் போலிகளும் ஏராளம். அசலின் எடை 3.11 கிராம். பின்புறத்தில் ‘சென்ட்’ என்ற சொல்லின் ‘டி’ எழுத்துக்கு இடப்பக்கம் நெடுக்காக மெல்லிய கீறல்கள் இருக்கும். டையில் இருந்த கீறல் என்பதால் எல்லா அசல் காசிலும் அவை உண்டு.

இன்னொன்றும் பலரை ஏமாற்றுகிறது. 1982க்குப் பிந்தைய சென்ட் காசுகள் செம்பு முலாம் பூசிய துத்தநாகம். எழுத்தோரத்தில் முலாம் கிழிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் அதுவும் இரட்டைபோலவே தோன்றும். அதற்கும் மதிப்பில்லை.

வாங்கும் முன் அந்த வகையின் பதிவான படங்களோடு ஒப்பிடுங்கள். பெரிய தொகை என்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களின் உறையில் உள்ள காசை மட்டும் வாங்குங்கள். உறையின் எண்ணை அவர்களது இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். எந்தக் காசையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அசலாகவே இருந்தாலும் விலை பாதியாகிவிடும்.