தானாக எழும்பாத வொல்யூம்கள்: லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: தரவு வொல்யூம் ஒன்று வராவிட்டால் முழுக் கணினியுமே எமர்ஜென்சி மோடில் போய் நிற்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: எஃப்எஸ்டேப்பில் அந்த வரிக்கு ‘நோஃபெயில்’ சேருங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையக் கணினியில் கோயில் மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள், பள்ளிச் சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். இரண்டு யூஎஸ்பி வன்தட்டுகளை எல்விஎம்மில் சேர்த்து ஒரே லொஜிக்கல் வொல்யூம் ஆக்கினோம். கரண்ட் போய் வந்தால் அது தானாக எழும்புவதில்லை. ‘விஜிசேஞ்ச் -ஏவை’ அடித்தால் வருகிறது. அதை ஆர்சி.லோக்கலில் எழுதினோம், சில நாள் சரி, சில நாள் பிழைக்கிறது.
- வாசகர், தொண்டைமானாறு

பதில்: முதலில் அந்த வரியை அழியுங்கள். அது நோயை மறைக்கிறது. ஒரு தரம்தான் ஓடும். அந்த நேரம் இரண்டாவது தட்டு சுழலத் தொடங்கியிருக்காவிட்டால் அவ்வளவுதான். சில நாள் பிழைப்பது இதனால்.

தானாக எழும்பாததற்குக் காரணம் வேறு. வொல்யூமை ‘-ஏஎன்’ போட்டு இறக்கிவிட்டு ‘விஜிசேஞ்ச் -ஏஏவை’ அடியுங்கள், இரண்டு ஏ. நீங்கள் அடித்த ஒற்றை ஏ, தானியங்கித் தடைகளை மதிக்காமல் எழுப்பிவிடும். இரட்டை ஏ மதிக்கும். அதற்கு எழும்பாவிட்டால் எல்விஎம்.கான்ஃபில் ‘ஆட்டோ_ஆக்டிவேஷன்_வொல்யூம்_லிஸ்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் இருந்தால் அதில் பெயர் உள்ளவை மட்டுமே எழும்பும். பிறகு ‘விஜிஎஸ் -ஓ +ஆட்டோஆக்டிவேஷன்’. 2021இல் வந்த எல்விஎம் 2.03.12 முதல் வொல்யூம் குரூப்புக்கே தானாக எழும்புவதை நிறுத்திவைக்கலாம். இரட்டை ஏயில் எழும்பினால் ‘ஈவென்ட்_ஆக்டிவேஷன்’ 0 ஆக இருக்கக்கூடும். அதை 1 ஆக்கினால் கடைசித் தட்டு வந்து சேரும் வரை எல்விஎம் பொறுத்திருந்து எழுப்பும். கான்ஃபை மாற்றிய பின் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டுங்கள். பூட் நேரத்துக்கென்று கான்ஃபின் பழைய பிரதி இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கிறது.

‘பிவிஎஸ்’ அடித்தால் ஒரு தட்டு காணாமற்போனதாகக் காட்டினால் கேபிளைப் பாருங்கள். உங்களுடையது கடற்கரை ஊர், உப்புக் காற்று யூஎஸ்பி முனைகளை அரித்துவிடும். காணாத தட்டை ‘விஜிரெட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங் --ஃபோர்ஸ்’ என்று நீக்கச் சொல்லி எவர் வந்தாலும் விசைப்பலகையில் கைவைக்க விடாதீர்கள். அந்தத் தட்டில் ஒரு துண்டு இருந்தாலும் முழு வொல்யூமும் அழியும்.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். ஒரு வொல்யூமை இரண்டு யூஎஸ்பி தட்டுகளில் ஏன் பரப்பினீர்கள்? ஒன்று செத்தால் இரண்டும் போச்சு. கல்வெட்டு என்பது ஒரு குடும்பத்தின் வம்சாவளி. பல வீடுகளில் அதற்கு இரண்டாம் பிரதியே கிடையாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்ததைக் கண்ட ஊர்கள் நாம். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பதற்கு எந்தச் சாட்டும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தட்டிலும் முழுப் பிரதி வையுங்கள். ஒன்று நிலையத்தில், மற்றது வேறொரு வீட்டில். மூன்றாவதை, 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: ‘டிடி’யால் தட்டைப் பிரதி எடுத்தேன். இரண்டையும் செருகினால் வொல்யூம் எழும்பாது.
- வாசகர், பருத்தித்துறை

பதில்: இரண்டுக்கும் ஒரே அடையாள எண். எது அசல் என்று தெரியாமல் எல்விஎம் மறுக்கிறது, மறுப்பதே சரி. ஒன்றைக் கழற்றுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் பிரதிக்கு ‘விஜிஇம்போர்ட்குளோன்’.

கேள்வி: உபுண்டுவில் தின் பூல் மட்டும் பூட்டில் வராது.
- வாசகர், நெல்லியடி

பதில்: ‘தின்-புரோவிஷனிங்-டூல்ஸ்’ பொதி இருக்கிறதா? நிறுவிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். பயப்பட ஒன்றுமில்லை, தரவு பத்திரமாகவே இருக்கும்.

இனி எழுதுகிறவர்கள் ‘பிவிஎஸ்’, ‘விஜிஎஸ்’, ‘எல்விஎஸ் -ஏ’ மூன்றும் காட்டுவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை வேறு கட்டளை எதுவும் அடிக்க வேண்டாம்.