அந்நியரின் பசியும் அண்டைவீட்டாரின் பொறையும்: சிங்கப்பூர்ச் சீனர்களின் ஏழாம் மாத வழக்கங்கள்

ஆய்வுச் சுருக்கம்

சீனச் சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் ‘பேய் மாதம்’ எனப் பெயர் பெற்றது. அம்மாதத்தில் நரகத்தின் கதவுகள் திறக்கப்படும் என்பதும், பசித்த ஆவிகள் மனிதர் வாழும் இடங்களில் உலவும் என்பதும் நம்பிக்கை. இம்மாதத்துச் சடங்குகளையும் விலக்குகளையும் மூடநம்பிக்கை என ஒதுக்காமல், உறவற்றவர்க்கு ஆற்றவேண்டிய கடமையின் வெளிப்பாடாக இக்கட்டுரை அணுகுகின்றது. சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவ்வழக்கங்கள் தமிழர் உள்ளிட்ட அண்டைவீட்டாரிடம் ஏற்படுத்தும் விளைவுகளையும் இது ஆராய்கின்றது.

குறிப்புச் சொற்கள்: ஏழாம் மாதம், பசித்த ஆவி, விலக்கு, மங்கல வழக்கு, ஆடி அமாவாசை, அண்டை அயல்.

முன்னுரை

இறந்தோர்க்கு உணவளிக்கும் வழக்கம் பல பண்பாடுகளுக்கும் பொதுவானது. தமிழ் மரபில் தென்புலத்தாரைப் பேணுதல் இல்வாழ்வானின் கடமைகளுள் ஒன்றாக வள்ளுவரால் வைக்கப்பட்டுள்ளது. அக்கடமை பெரிதும் தன் குடியில் தோன்றி மறைந்தோரைக் குறித்தது. சீனரின் ஏழாம் மாதச் சடங்கோ தன் குடியோடு நில்லாது, பிள்ளைகள் இன்றியும் உரிய ஈமக்கடன் பெறாமலும் இறந்த அறிமுகமற்றோரையும் உட்கொள்கின்றது. வீட்டுப் பூசை மாடத்தில் முன்னோர்க்குப் படைப்பவர், தெருவோரத்தில் அந்நிய ஆவிகளுக்குத் தனியே படைக்கின்றார். சடங்கு பொதுவிடத்துக்கு வருவதற்கு இதுவே காரணம். பொதுவிடத்துக்கு வந்தபின் அது அண்டைவீட்டாரையும் தொடுகின்றது.

தோற்றமும் சமயப் பின்புலமும்

ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாள் இருபெயர் கொண்டது. தாவோ சமயத்தார் அதனைச் சோங்யுவான் என்பர். பௌத்தர் யூலான்பென் என்பர். பௌத்தக் கதையின் தலைவர் புத்தரின் மாணாக்கராகிய மௌத்கல்யாயனர். சீனர் அவரை முலியன் என அழைப்பர். இறந்த தம் தாய் பசித்த ஆவியாகப் பிறந்து வாடுவதைத் தவ வலிமையால் கண்ட அவர், அவளுக்குச் சோறு கொண்டு சென்றார். அச்சோறு வாயை எட்டுமுன் தணலாயிற்று. மழைக்கால நோன்பு முடியும் நாளில் துறவியர் அனைவர்க்கும் உணவளித்தால் அவள் விடுதலை பெறுவாள் என்று புத்தர் வழிகாட்டினார்.

இக்கதை சீன மண்ணில் பெருஞ்செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம் உண்டு. இல்லறம் துறந்த துறவி பெற்றோர்க்கான கடமையையும் துறந்தவன் என்பது பௌத்தத்தின்மீது சீனர் கூறிய குறை. துறவியே தாயை மீட்ட கதை அக்குறைக்கு விடையாயிற்று.

பசித்த ஆவியைக் குறிக்கும் வடசொல் ‘பிரேத’ என்பதாகும். இச்சொல் தமிழில் ‘பிரேதம்’ என வழங்கிப் பிணத்தையே பெரிதும் சுட்டுகின்றது. வைதிக ஈமச் சடங்கில் பிரேத நிலையிலிருந்து பிதிர் நிலைக்கு உயர்த்துவதற்கெனத் தனிச் சடங்கு உண்டு. அச்சடங்கைச் செய்வார் இல்லாதவர் பிரேதமாகவே எஞ்சுவர். சீனர் கொள்ளும் முன்னோர், ஆவி என்னும் பகுப்பும் இதற்கு அணுக்கமானதே. தைவானில் கள ஆய்வு செய்த மானிடவியலர் ஆர்தர் வுல்ஃப் 1974இல் வெளியிட்ட ஆய்வில், சீனரின் தெய்வம் அதிகாரியையும், முன்னோர் உறவினரையும், ஆவி அந்நியரையும் ஒத்தன என விளக்கினார். ஒருவரின் முன்னோர் மற்றொருவர்க்கு ஆவி என்பது இதனால் பெறப்படும்.

விலக்குகளும் மங்கல வழக்கும்

இம்மாதத்தில் திருமணம், புதுமனை புகுதல், வீடு மாறுதல், புதுத்தொழில் தொடங்குதல் ஆகியவற்றை மரபைப் பேணுவோர் தவிர்ப்பர். இரவில் சீழ்க்கை அடித்தல், நீர்நிலைகளில் நீந்துதல், ஈரத்துணியை வெளியே உலரவிடுதல், பின்னாலிருந்து யாரேனும் அழைத்தால் திரும்பிப் பார்த்தல் ஆகியனவும் விலக்கப்படும். தெருவோரப் படையலை மிதித்தல் பெரும்பிழை. மேடை நிகழ்ச்சிகளில் முதல் வரிசை இருக்கைகள் ஆவிகளுக்கென வெறுமையாக விடப்படும். அவற்றில் எவரும் அமரார்.

இவற்றுள் பலவும் விருந்தினர் வந்துள்ள வீட்டில் நடந்துகொள்ளும் முறைகளை ஒத்துள்ளன. வந்தவரின் உணவைத் தொடாதே, அவர் இருக்கையில் அமராதே, வீணே அவரைக் கூவி அழைக்காதே என்பனவே இவ்விலக்குகளின் உட்பொருள். அச்சம் இவற்றின் புறத்தோற்றம் எனலாம். உள்ளே இருப்பது முன்பின் அறியாதவர்பால் காட்டவேண்டிய மரியாதை.

ஹொக்கியன் மொழி பேசுவோர் ஆவிகளைப் பெயர் சொல்லிக் குறியாது ‘நல்ல சகோதரர்கள்’ என்பர். நன்னூலார் தகுதி வழக்கினுள் வைத்த ‘மங்கலம்’ என்பதற்கு இது பொருத்தமான அயல்மொழிச் சான்றாகும். சுடுகாட்டை ‘நன்காடு’ எனத் தமிழர் வழங்கியதும் இத்தகையதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் வழக்கு இடத்துக்கு நற்பெயர் சூட்டியது. ஹொக்கியன் வழக்கோ அந்நியருக்கு உறவுப்பெயர் சூட்டுகின்றது.

ஆடியும் ஏழாம் மாதமும்

சிங்கப்பூர்த் தமிழருக்கு இம்மாதம் முற்றிலும் அயலானதன்று. ஆடியில் திருமணமும் புதுமனை புகுதலும் தவிர்க்கப்படுவதும், ஆடி அமாவாசையில் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தப்படுவதும் அவர்கள் அறிந்தவை. கால அடிப்படையிலும் இவ்விரண்டுக்கும் நெருக்கம் உண்டு. சீன மாதம் அமாவாசை நாளில் தொடங்குவது. ஆதலின் பல ஆண்டுகளில் ஆடி அமாவாசையன்றோ அதற்கு மறுநாளோ ஏழாம் மாதம் பிறக்கின்றது. 2021இல் ஆகஸ்டு 8ஆம் நாளும், 2024இல் ஆகஸ்டு 4ஆம் நாளும் இரண்டுக்கும் பொதுவாக அமைந்தன. 2025இல் சீன நாட்காட்டியில் ஆறாம் மாதம் இருமுறை வந்தமையால், ஆடி அமாவாசை ஜூலை 24இலும் ஏழாம் மாதப் பிறப்பு ஆகஸ்டு 23இலும் விலகி நின்றன.

இவ்வொற்றுமை கொண்டு ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது எனத் துணிதல் பொருந்தாது. தமிழர் சூரிய மாதத்தினுள் அமாவாசையைத் தேடுவர். சீனர் அமாவாசையிலேயே மாதத்தைத் தொடங்குவர். கணக்கு முறைகள் வேறானவை. எனினும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீட்டில் வாழும் இரு குடும்பத்தார் ஒரே நாளில் தத்தம் இறந்தோரை நினைக்கின்றனர் என்பது, பிறர் சடங்கைப் புரிந்துகொள்வதற்கு வாயிலாக அமையக்கூடும்.

அடுக்குமாடி வாழ்வும் அண்டைவீட்டாரும்

சிங்கப்பூரில் வாழ்வோருள் பெரும்பான்மையோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர். 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தார்க்கும் உச்ச விழுக்காட்டை வரையறுத்தது. தொடக்கத்தில் ஒரு கட்டடத்தில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 13 விழுக்காடு என்னும் வரம்பு இருந்தது. இறுதி வரம்பு 2010இல் 15 ஆக உயர்த்தப்பட்டது. தமிழர் எங்குக் குடிபுகுந்தாலும் சீனர் அண்டைவீட்டாராக அமைவதும், ஏழாம் மாதம் அவர்தம் வாழ்வில் நுழைவதும் இயல்பாயின.

நுழையும் வழிகள் மூன்று. முதலாவது புகையும் சாம்பலும். காகிதப் பணமும் காகிதத்தால் செய்த ஆடை, வீடு முதலியனவும் எரிக்கப்படுகையில், சாம்பல் மேல்மாடிகளின் உலரும் துணிகளில் படிகின்றது. மூச்சிரைப்பு நோயாளருக்குப் புகை தொல்லையாகின்றது. நகர மன்றங்கள் எரிப்பதற்கெனக் கலங்களை வைத்துள்ளன. ஆயினும் புல்வெளியிலும் நடைபாதையோரத்திலும் எரிப்பது முற்றிலும் நின்றபாடில்லை.

இரண்டாவது ஓசை. முன்னர் சீன நாடகமும் பொம்மலாட்டமும் ஆவிகளை மகிழ்விக்க நிகழ்த்தப்பட்டன. பின்னர் ‘கெத்தாய்’ எனப்படும் பாட்டு மேடை அவ்விடத்தைப் பெரிதும் பிடித்தது. 1979இல் தொடங்கிய மாண்டரின் இயக்கத்தால் ஒலிபரப்பில் அருகிய ஹொக்கியன், தியோச்சு மொழிகள் பொதுவெளியில் ஒலிக்கும் சில இடங்களுள் இம்மேடையும் ஒன்று. அண்டைவீட்டார்க்கு இரைச்சலாகத் தோன்றுவது, முதிய சீனர் பலருக்குத் தாய்மொழி கேட்கும் வாய்ப்பாக உள்ளது.

மூன்றாவது பொதுவிடப் பயன்பாடு. கூடாரமிட்டு நடைபெறும் விருந்தில் மங்கலப் பொருள்கள் ஏலம் விடப்படும். அவற்றுள் ‘கறுப்புத் தங்கம்’ எனப்படும் அடுப்புக்கரிக்கு மதிப்பு மிகுதி. ஏலத் தொகை அடுத்த ஆண்டு விழாவுக்கும் அறப்பணிக்கும் செல்கின்றது. ஆவிக்கான படையல் உயிருள்ள அயலார்க்கு உதவியாகும் நிலை இது.

பொறையும் அதன் எல்லையும்

அண்டைவீட்டார் தாங்கும் தொல்லை ஒருவழிப் பாதையன்று. சீனாவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று, இந்தியக் குடும்பத்தின் குழம்பு மணம் தாங்காமல் சமரச நிலையத்தை நாடிய செய்தி 2011இல் வெளியானது. அவ்வீட்டார் இல்லாத வேளையில் மட்டும் குழம்பு சமைப்பதாக இந்தியக் குடும்பம் இசைந்தது. அதனை அறிந்த பல இனத்தாரும் ஒரு நாள் குழம்பு சமைத்துப் பகிர்ந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். அதில் சீனரும் சேர்ந்தனர் என்பது கருதத்தக்கது.

தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் இருந்த தடை, படிப்படியாகத் தளர்ந்து, 2016இல் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கும் நிலையை எட்டியது. கெத்தாய்க்கு இசைவு, உறுமிக்குத் தடையா என்னும் வினா தமிழரிடையே எழுந்ததுண்டு. அவ்வினாவில் நியாயம் உண்டு. பொறை ஒரு சாராரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுமாயின் அது பொறையாகாது, அடங்கிப்போதல் ஆகும்.

2015இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பூசல் தீர்வுச் சட்டம் ஓசை, மணம், புகை ஆகியவற்றால் அண்டைவீட்டார்க்கு நேரும் அளவுமீறிய இடையூற்றை வழக்கிடத்தக்கதாக்கியது. ஆயினும் ‘அளவு’ எது என்பதைச் சட்டம் மட்டும் வரையறுக்க இயலாது. படையலைச் சுற்றி நடந்து செல்லும் தமிழர் அந்நம்பிக்கையை ஏற்பவர் அல்லர், ஏற்பவரை மதிப்பவர். அவ்வாறே சாம்பலைக் கூட்டி அள்ளும் சீனர், புகையைப் பொறுத்த அயலாரை மதிப்பவர். அளவு இத்தகைய செயல்களில் உருவாகின்றது.

முடிவுரை

1. ஏழாம் மாதச் சடங்கின் சிறப்புக்கூறு, உறவற்ற இறந்தோரையும் உணவுக்கு உரியவராகக் கொள்வதாகும்.

2. விலக்குகள் பலவும் அறியாதவர்பால் காட்டும் விருந்து மரியாதையின் வடிவங்கள்.

3. ஆடி அமாவாசையோடு அமையும் கால நெருக்கம் கடன்கொடையைக் காட்டாவிடினும், ஒப்புணர்வுக்கு இடந்தருகின்றது.

4. புகை, ஓசை, இடம் ஆகியவற்றால் எழும் பூசல்கள் நம்பிக்கையைப் பற்றியன அல்ல. பகிர்ந்து வாழும் இடத்தின் அளவைப் பற்றியன.

இறந்த அந்நியரின் பசிக்கு இரங்கும் சடங்கு, உயிரோடு அடுத்த வீட்டில் வாழும் அந்நியரின் உறக்கத்துக்கும் மூச்சுக்கும் இரங்குமாயின், அது தன் நோக்கத்தையே விரிவாக்கிக் கொள்வதாகும்.